முதுகெலும்பின் முறையீடு

சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலையில் கவரைப்பேட்டையிலிருந்து என் தமக்கை டெலிபோனில் கூப்பிட்டாள். குரல் தழுதழுத்தது.

"தம்பி! பிள்ளைக்கு சஸ்பென்ஷனாம். அதை மாற்ற 22,000 ரூபாய் ஆகுமாம். நீ உடனே புறப்பட்டு வா" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. என் மருமான் கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஐந்து வருஷ சர்வீஸ். ஒரு நாள் தாமதமாகப் போனவனல்ல. அவனைப் போய் சஸ்பெண்டு செய்வதாவது! அதை ரத்துச் செய்ய ரொக்கம் கேட்பதாவது! யாரைப் பார்ப்பது, எந்தச் சட்டப் பிரிவைச் சொல்வது என்று ரயிலில் போகும்போதே மனத்துக்குள் ஒரு மனு எழுதி முடித்துவிட்டேன்.

வீட்டை அடைந்தால், வாசல் திண்ணையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து, கையில் ஸ்பானருடன் உட்கார்ந்திருந்தான் குற்றவாளி.

"மாமா, சஸ்பென்ஷன் எனக்கில்லை, சைக்கிளுக்கு!" என்று சொல்லிச் சிரித்தான். சிரித்தவன் எழுந்து நிற்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்றான். இருபத்தேழு வயதுப் பிள்ளை எழுபது வயதுக் கிழவனைப்போல் "அப்பாடா" என்று சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது.

விஷயம் இதுதான். சென்ற வருஷம் அவன் 35,000 ரூபாய் கொடுத்து மின்சார மலைச் சைக்கிள் ஒன்று வாங்கினான். தொழிற்சாலை வீட்டிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். இரவு ஷிப்டு முடிந்து வரும் வேளையில் பஸ்ஸும் கிடையாது, ஷேர் ஆட்டோவும் கிடையாது. ஆகவே அவன் அதை வாங்கியதில் தப்பில்லை.

"மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் எதற்கடா?" என்பது என் தமக்கையின் கேள்வி. அவள் அந்தச் சாலையை இரவில் பார்த்ததில்லை. இரும்புச் சுமையோடு வரும் லாரிகள் ஓடி ஓடி, அங்கே மலை இல்லாத குறையைப் பள்ளங்கள் நிவர்த்தி செய்திருக்கின்றன. போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் சிநேகிதர்களோடு பூண்டி ஏரியைத் தாண்டிக் குடியம் குகைப் பக்கம் போய்விடுவான். ஆதி மனிதர்கள் கற்கருவி செய்த அந்தப் பிரதேசத்தில் பாதை முழுவதும் உருண்டைக் கூழாங்கற்கள். ஆதி மனிதனுக்கு அவை ஆயுதமாயின. என் மருமானுக்கு அவை மணிக்கட்டு வலியாயின.

"இந்த முன் போர்க்கை எடுத்துவிட்டு, காற்று போர்க்கு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் மாமா. இல்லாவிட்டால் இதை விற்றுவிட்டு நல்லதாக வேறு வண்டியே வாங்கிவிடலாம்" என்றான்.

எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சென்னைக்குப் போய்க் கடைகளைச் சுற்றினோம். நான் தெரிந்துகொண்டதை, இதே யோசனையில் உள்ள பிள்ளைகளைப் பெற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தச் சைக்கிள்களில் மூன்று ஜாதி உண்டு. முதலாவது, பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே மோட்டாரை வைத்தது. முன்னால் மட்டும் ஸ்பிரிங் போர்க்கு. நம் நாட்டில் மலிவாக விற்பவை பெரும்பாலும் இவையே. இரண்டாவது, பெடல் சுழலும் இடத்தில் மோட்டாரை வைத்து, முன்னால் காற்று போர்க்கு கொடுத்தது. மூன்றாவது, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ளது. இதன் விலையை லட்சக் கணக்கில் சொல்கிறார்கள்.

ஹப் மோட்டார் சமவெளிக்குச் சாது. ஆனால் செங்குத்தான மேட்டில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது அதற்கு மூச்சு முட்டும், சூடேறும். அதன் எடை முழுவதும் பின் சக்கரத்திலேயே இருப்பதால், பள்ளத்தில் விழும்போது அடியும் கனமாகவே விழும். நடு மோட்டாரோ சங்கிலி வழியாகத் தள்ளுகிறது. ஆகையால் சின்ன கியர் போட்டால் மேட்டில் அதற்கும் சுலபம், நமக்கும் சுலபம். சங்கிலி மட்டும் சீக்கிரம் தேயும். மலிவான வண்டியில் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டுமே மோட்டார் கவனிக்கும். உயர்ந்த வண்டியில் கால் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதை அளந்து, அதற்கேற்ற உதவி செய்யும். முன்னது தள்ளிவிடும் சிநேகிதன். பின்னது கைகொடுக்கும் சிநேகிதன்.

மின்சாரச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு அரை யூனிட்கூட ஆகாது. நாமும் சற்று மிதித்தால் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும். சட்டத்தில் ஒரு சலுகையும் உண்டு. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால், லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். சில கடைகளில், "வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிடட்டுமா, சார்?" என்று ரகசியமாகக் கேட்பார்கள். தயவுசெய்து தலையாட்டாதீர்கள். ஆட்டினால் சைக்கிள் அந்தக் கணமே பதிவில்லாத மோட்டார் வண்டியாகிவிடும். விபத்து நேர்ந்தால் அந்த ரகசியம் கோர்ட்டில்தான் வெளியாகும்.

இவற்றையெல்லாம் பார்த்தபின் பையனுக்கு இரண்டாவது ஜாதியின்மேல் ஆசை விழுந்தது. விலையைக் கேட்டதும் ஆசை கீழே விழுந்தது. தங்கையின் கல்யாணத்துக்குச் சீட்டுக் கட்டுகிறவன் அவன். ஆகவே, பழைய வண்டிக்குப் புது போர்க்கு என்ற யோசனையே மிஞ்சியது.

திரும்பும்போது ரயிலில் அவனை ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வலி எங்கேயடா?"

"தினமும் இடுப்பில்தான் மாமா. குடியம் போய்வந்தால் மட்டும் மணிக்கட்டில்."

"போர்க்கு எந்தப் பக்கம் இருக்கிறது?"

"முன்னால்."

"நீ உட்காருவது?"

பையன் சற்று நேரம் பேசவில்லை. இடுப்பில் வலி, மருந்தோ மணிக்கட்டுக்கு! முன் போர்க்கு கைகளைத்தான் காப்பாற்றும். பின் சக்கரத்தின் அடி, ஆசனத்தின் வழியாக நேரே முதுகெலும்புக்குப் போகிறது. ஒரு வருஷமாக அந்த எலும்பு எழுதிவந்த மனு தப்பான ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது!

அவன் தகப்பனாரிடம் அந்தக் காலத்தில் ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள் இருந்தது. அம்பத்தூரில் 1949-ல் ஸ்தாபிக்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியில் செய்தது. அம்பத்தூர் 2018-ல் சென்னை ஜில்லாவோடு சேரும்வரை திருவள்ளூர் ஜில்லாவின் ஊர்தான். அந்தச் சைக்கிளில் சஸ்பென்ஷன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தோல் ஆசனத்தின் அடியில் இரண்டு தடித்த ஸ்பிரிங்குகள் இருந்தன. அடி விழும் இடம் எது என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதைவிடப் பழைய சஸ்பென்ஷன் ஒன்று உண்டு. 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற மிருக வைத்தியர், தம் சிறு பையனின் மூன்று சக்கர வண்டி கடகடவென்று குலுங்குவதைக் கண்டு, அதன் சக்கரங்களுக்குக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சுற்றினார். அதிலிருந்துதான் உலகம் காற்று டயரில் ஓட ஆரம்பித்தது. பிற்பாடு 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில வாலிபர்கள் பழைய சைக்கிள்களில் மலைச்சரிவில் பாய்ந்து மலைச் சைக்கிளுக்கு வித்திட்டார்கள். 1989-ல் ராக்ஷாக்ஸ் கம்பெனி அதற்குக் காற்றும் எண்ணெயும் கொண்ட முன் போர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1993-ல் ஜப்பானின் யமஹா, மிதிப்பவருக்கு மின்சாரத்தால் உதவும் சைக்கிளை விற்கத் தொடங்கியது. இந்த மூன்றும் சேர்ந்த சந்ததிதான் திண்ணையில் தலைகீழாக நின்றது. ஆனால் மூலபுருஷன் டன்லப்பின் காற்றேதான்.

வீட்டுக்கு வந்ததும் டயரின் காற்றை அளந்து பார்த்தோம். 60 ராத்தல் இருந்தது! லாரிக்குக் காற்றடிக்கும் கடையில் அடித்துக்கொண்டானாம். கல்லாக இறுகிய டயர் எந்த அடியைத் தாங்கும்? டயரின் பக்கத்தில் அச்சிட்டிருந்த வரம்புக்குள் 35 ராத்தலுக்கு இறக்கினோம். செலவு ஒரு காசும் இல்லை. பையன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "மாமா, இது வேறு வண்டி!" என்றான்.

அடுத்தது ஆசனம். அதைத் தாங்கும் கம்பத்துக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்த கம்பம் விற்கிறது. 3,000 ரூபாய்க்குள் கிடைத்தது. பழைய ஹெர்குலிஸின் புத்திதான், புதிய வேஷத்தில். பள்ளம் வரும்போது ஆசனத்திலிருந்து சற்றே எழுந்து, முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும் என்ற பழைய பாடத்தையும் சொல்லிக்கொடுத்தேன். மோட்டார் வந்த பிறகு பிள்ளைகள் அதை மறந்துவிட்டார்கள். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவன் 25-ல் போனால், பள்ளத்தில் விழும் வேகத்தின் சக்தி ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதையும் மறந்துவிட்டார்கள்.

அப்படியானால் போர்க்கு வீணா? இல்லை. குடியம் பாதைக்கு அது வேண்டும். மலிவான போர்க்கில் வெறும் ஸ்பிரிங்தான் இருக்கிறது. ஊஞ்சலை ஒரு முறை தள்ளிவிட்டால் அது தானாக நிற்கிறதா? அதுபோல ஒரு கல்லுக்கு நாலு தடவை ஆடும். நல்ல போர்க்கில் எண்ணெய் ஒரு சிறு துவாரத்தின் வழியாகப் போய்வந்து, ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தும் கையைப்போல ஆட்டத்தை அடக்குகிறது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று இருந்தால், ஏறுகிறவரின் எடைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நாம் ஏறி நின்றால் மொத்த இறக்கத்தில் நாலில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். 100 மில்லிமீட்டர் போர்க்கானால் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை. இந்தக் கணக்கைப் பார்க்காமல் எவ்வளவு உயர்ந்த போர்க்கைப் போட்டாலும் பயனில்லை.

வாங்குமுன் ஐந்து விஷயங்களை அளக்க வேண்டும். சட்டத்துக்குள் போகும் குழாய் நேரானதா, அடியில் பருத்ததா. சக்கரம் 26, 27½, 29 அங்குலங்களில் எது. ஆக்சில் 9 மில்லிமீட்டரா, 15-ஆ. டிஸ்க் பிரேக் பூட்ட இடம் உண்டா. இறக்கத்தின் நீளம் பழையதற்குச் சமமா. நீளம் மிகுந்தால் வண்டியின் முகம் தூக்கிக்கொண்டு திருப்பம் மந்தமாகும்; சட்டத்துக்கும் ஆபத்து. 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள மின்சார வண்டி என்பதையும் கடைக்காரரிடம் சொல்லி, அதற்குத் தகுந்த பலமுள்ளதாகக் கேட்க வேண்டும். என் மருமானின் சிநேகிதன் ஒருவன் இவற்றை அளக்காமல், படத்தைப் பார்த்து ஒரு போர்க்கு தருவித்தான். அடியில் பருத்த குழாய். அவன் சட்டமோ நேர்க் குழாய்க்கானது. விற்றவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. 18,000 ரூபாய் இப்போது பரணில் உறங்குகிறது; ஓர் ஆலைத் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளம்!

இந்த இடத்தில் எனக்கு ஓர் ஏக்கம். பாடியில் 1960-ல் தோன்றிய வீல்ஸ் இந்தியா கம்பெனி, பஸ்களைக் காற்றின்மேல் மிதக்கவைக்கும் சஸ்பென்ஷன்களைச் செய்கிறது. அம்பத்தூர் லட்சக் கணக்கான வீடுகளுக்குச் சைக்கிள் கொடுத்தது. இவ்வளவு தெரிந்த கைகள் உள்ள வட்டாரத்தில், இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் சைக்கிளுக்கும் அவன் சம்பளத்துக்கு எட்டுகிற ஒரு நல்ல காற்று போர்க்கு செய்ய யாராவது முன்வரலாகாதா? அதற்கும் முன்னால், அந்தப் பள்ளங்களை மூடலாகாதா? சாலை ஒழுங்காயிருப்பதைவிடச் சிறந்த சஸ்பென்ஷனை எந்தத் தேசமும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து என் தமக்கை மறுபடி கூப்பிட்டாள். பையன் இடுப்பைப் பிடிப்பதில்லையாம், நன்றாகத் தூங்குகிறானாம். போர்க்குக்காக மாதம் 1,000 ரூபாய் தனியாக எடுத்துவைக்கிறானாம். கல்யாணச் சீட்டிலும் கைவைக்கவில்லையாம்.

"எல்லாம் சரி, தம்பி, அந்தச் சஸ்பென்ஷன் ரத்தாகிவிட்டதா?" என்றாள்.

"இல்லை, அக்கா! ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது" என்றேன்.