‘மெலிஞ்சிட்டு வாங்கோ’ என்பது மருந்தல்ல

பி.சி.ஓ.எஸ். இருக்கிற எங்கள் எல்லோரிடமும் ஒரே வசனம் இருக்கிறது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கிளினிக்குகளில், சிலவேளை வெவ்வேறு மொழிகளில் சொல்லப்பட்ட வசனம்: “வெயிட்டைக் குறைச்சிட்டு வாங்கோ பிள்ளை, எல்லாம் சரிவரும்.” பிறகு ஒரு துண்டில் இரண்டு மருந்துப் பெயர்கள். அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாச்சு.

நாங்கள் கலைப்பீட மாணவிகள். டொக்டர்மார் இல்லை, யாருக்கும் மருந்து சொல்லவும் வரவில்லை. ஆனால் அந்தத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது, ஏன் எழுதியிருக்கிறது, அது எடையைக் குறைக்குமா கூட்டுமா என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒரு சிரிப்பு, அல்லது “முதல்ல மெலிஞ்சிட்டு வாங்கோ”. மெலிவது சிகிச்சையின் ஒரு பகுதியாக இருக்கலாம். அதைச் சிகிச்சைக்குள் நுழைவதற்கான டிக்கெட்டாக மாற்றியதுதான் எங்கள் பிரச்சினை.

பெயரிலிருந்தே பிழை தொடங்குகிறது. தமிழில் இதை ‘கர்ப்பப்பை நீர்க்கட்டி’ என்கிறோம். இது கர்ப்பப்பையில் இல்லை, சூலகத்தில். கட்டியும் இல்லை. முற்றி வெளியேறாமல் நின்றுபோன முட்டைகள் இருக்கிற சின்னச் சின்னப் பைகள்தான் ஸ்கானில் வரிசையாகத் தெரிகின்றன. கட்டி என்று சொன்னவுடன் வீட்டில் அம்மா அழுகிறா, மாமி ஒப்பரேஷனா என்று கேட்கிறா, யூரியூப்பில் ஒருவர் கழற்சிக்காய்ச் சூரணம் குடித்தால் கட்டி கரையும் என்கிறார். கரைவதற்கு அங்கே கட்டியே இல்லை. ஒரு சொல் இத்தனை பேரை அலைக்கழிக்கிறது.

உண்மையில் இது ஹோர்மோன்களின் குழப்பம். எங்களில் அநேகம் பேருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடல் இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சூலகத்தைத் தூண்டி அன்ட்ரோஜன்களைக் கூட்டுகிறது. பீரியட்ஸ் தள்ளிப்போவது, நாடியில் முடி, பரு எல்லாம் அதன் பின்னால் வருபவை. கழுத்தின் பின்பக்கம் கறுப்பாகிறதே, அதுவும் இன்சுலின் சங்கதிதான். அதை ஊத்தை என்று சொல்லி எலுமிச்சம்பழத்தால் தேய்த்துத் தேய்த்துத் தோலை எரித்துக்கொண்ட பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும்.

இது அரிதான வருத்தமும் இல்லை. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான ஏறக்குறைய மூவாயிரம் பெண்களிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வு, 6.3 சதவீதமானோருக்கு இது இருப்பதாகக் கண்டது. எங்கள் பீடத்தில் இருநூறு பெண்கள் இருக்கிற ஒரு லெக்சர் ஹோலில் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பார்கள் என்பதுதான் கவலை.

ஸ்கானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வளர்ந்த பெண்களுக்கு 2003இல் ரொட்டர்டாமில் உடன்பட்ட அளவுகோலின்படி மூன்றில் இரண்டு இருக்கவேண்டும்: பீரியட்ஸ் ஒழுங்கின்மை, அன்ட்ரோஜன் கூடியதன் அடையாளம், ஸ்கானில் அந்தப் பைகள். தைரொயிட், புரோலக்டின் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றும் பார்க்கவேண்டும். பெரியபிள்ளையாகி எட்டு வருசத்துக்குள் இருப்பவர்களுக்கு ஸ்கானை வைத்து இதை முடிவுசெய்யக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டி சொல்கிறது, ஏனென்றால் அந்த வயதில் சூலகம் சாதாரணமாகவே அப்படித் தெரியலாம். பதின்மூன்றில் பெரியபிள்ளையானவருக்கு இருபத்தொன்று வரை என்று கணக்கு. எங்களில் எத்தனை பேர் பதினாறு, பதினேழு வயதில் பிரைவேட்டில் காசு கட்டி ஸ்கான் எடுத்து, அந்த ஒரு தாளை மட்டும் வைத்து ‘நீர்க்கட்டிக்காரி’ ஆனோம்?

இனிக் குளிசைகள். துண்டில் அதிகமாக வருவது மெட்போமின். அம்மம்மா சீனி வருத்தத்துக்குப் போடுகிற அதே குளிசை. “எனக்கும் சீனியா?” என்று ஒரு தோழி இரவு முழுக்க அழுதிருக்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை: அது ஈரல் வெளிவிடுகிற குளுக்கோசைக் குறைத்து, உடல் இன்சுலினைச் சரியாகப் பாவிக்க உதவுகிறது, அதனால்தான் எங்களுக்கும் தருகிறார்கள். எடை? சராசரியாக இரண்டு, மூன்று கிலோ குறையலாம், சிலருக்கு ஒன்றும் குறையாது. இதை மெலிவதற்கான குளிசை என்று நினைத்துப் போட்டால் ஏமாற்றம்தான். முதல் கிழமைகளில் ஓங்காளம், வயிற்றால போறது. அதனாலேயே குறைந்த அளவில், சாப்பாட்டோடு தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது. இதை ஒரு நிமிசத்தில் சொல்லலாம். சொல்லாததால் கனபேர் நாலாம் நாளே நிறுத்திவிட்டு, அடுத்த கிளினிக்கில் “ஓம், போடுறன்” என்று பொய் சொல்கிறோம்.

இன்னொன்றும் சொல்லப்படுவதில்லை. மெட்போமின் சிலருக்கு முட்டை வெளியேறுவதைத் திரும்பத் தொடக்கிவிடும். ‘எனக்குப் பிள்ளை தங்காது’ என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு அது பெரிய தகவல். கல்யாணம் கட்டாத பிள்ளையிடம் இதை ஏன் கதைப்பான் என்று விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை. பீரியட்ஸ் ஒழுங்கின்மைக்கும் முடி வளர்வதற்கும் முதலில் தருகிற சிகிச்சை இதுதான். ஆனால் எங்கள் ஊர்ப் பாமசியில் ஒரு மாணவி அந்தத் துண்டை நீட்டினால் என்ன பார்வை வரும் என்று விளக்கத் தேவையில்லை. அந்த அட்டையை அலுமாரியில் உடுப்புக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம், அம்மா கண்டால் ‘மிதுரி’ விளம்பரம்தான் அவவுக்கு ஞாபகம் வரும். இதைப் போட்டால் உடம்பு ஊதும் என்று எல்லோரும் பயப்படுத்துவார்கள். ஆய்வுகள் அப்படிப் பெரிய எடை கூடுதலைக் காட்டவில்லை. உண்மையில் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு: பிரஷர் இருக்கிறதா, கண்ணில் மின்னல் வெட்டி வருகிற மைக்ரேன் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது இரத்தம் கட்டிய வரலாறு உண்டா. இவற்றைக் கேட்காமல் இந்தக் குளிசையை எழுதக் கூடாது, கடையில் தானாக வாங்கியும் போடக் கூடாது. நிறுத்தினால் பழைய ஒழுங்கின்மை திரும்பலாம். அதைச் சொல்லாவிட்டால், மருந்து பிழைத்துவிட்டது என்றோ ‘என்ர உடம்பு பழுதாப் போச்சு’ என்றோதான் நினைக்கத் தோன்றும்.

மெலிவதைப் பற்றி. எடை கூடியவர்களில் ஐந்து, பத்து சதவீதம் குறைந்தாலே பீரியட்ஸும் இன்சுலினும் சீராகலாம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. எண்பது கிலோவுக்கு நாலு கிலோ. ஆனால் எங்களுக்குச் சொல்லப்படுவது இருபது கிலோ, அதுவும் அடுத்த கிளினிக்குக்கு முன்னம். சாப்பாட்டுத் தாளில் ஓட்ஸ், புரொக்கோலி, ஒலிவ் எண்ணெய். விடுதியில் சமைக்க அனுமதி இல்லாத, மஹாபொலவில் மாதத்தை ஓட்டுகிற ஒருத்தி இதை எந்தக் கன்டீனில் வாங்குவது? காலையில் பாணும் பருப்பும், பின்னேரம் ரோல்ஸும் பிளேன்டீயும், இரவு கொத்து. எங்கள் ஒழுங்கீனத்தை விட, இருநூறு மீட்டருக்குள் கிடைக்கிறது அவ்வளவுதான் என்பது இதில் பெரிய காரணம். 2023இல் வந்த வழிகாட்டி, பி.சி.ஓ.எஸ்.க்கு ஒரு குறிப்பிட்ட சாப்பாட்டு முறை மற்றதைவிடச் சிறந்தது என்பதற்கு ஆதாரமில்லை என்கிறது. அப்படியென்றால் குரக்கன் ரொட்டியும், அவிச்ச கௌப்பியும், கீரை வறையும், நெத்தலிக் குழம்பும், சோற்றை ஒரு அகப்பை குறைப்பதும் தாராளமாகப் போதும். அதை எங்களுக்கு எங்கள் சாப்பாட்டின் பெயர்களில் சொல்லுங்கள்.

எடையை மட்டுமே பார்ப்பதால் இன்னொரு கூட்டம் தவறிப்போகிறது. தென்னாசியப் பெண்களுக்கு இளவயதிலேயே, எடை பெரிதாகக் கூடாமலே, இன்சுலின் குழப்பம் வரலாம். எங்களுக்குள் மிக மெலிந்தவளுக்கு ஐந்து மாதம் பீரியட்ஸ் வரவில்லை. “நீங்கள் மெலிவுதானே, ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும்” என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து வராமல் இருந்தால் கர்ப்பப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகலாம், அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். குண்டாக இருந்தால் எல்லாவற்றுக்கும் எடை காரணம், மெலிவாக இருந்தால் ஒன்றுமே இல்லை. இது என்ன மருத்துவம்?

இப்போது ஊசி பற்றியும் கேட்கிறார்கள், ‘ஒசெம்பிக்’. செமக்ளூடைட் என்ற அந்த மருந்து எடையை உண்மையிலேயே நன்றாகக் குறைக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஏறுகிறது. போடுகிற காலத்தில் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஃபேஸ்புக்கில் விலை போட்டு விற்கிறவரிடம் இதை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, எங்கே போய்க் கேட்பது? இந்த நாட்டின் தாய் சேய் சுகாதாரம் பெருமைப்படக்கூடியது, அதில் சந்தேகமே இல்லை. கல்யாணம் கட்டியவுடன் மருத்துவமாது வீடு தேடி வந்து பெயரைப் பதிவார். 35 வயதானால் வெல் விமன் கிளினிக். நடுவில் இருக்கிற, கல்யாணம் கட்டாத, இருபத்திரண்டு வயதுக்காரிக்கு எந்தக் கதவு? அதனால்தான் “கல்யாணம் கட்டினா சரிவரும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள் போல. வருத்தம் சரிவராது, கதவு மட்டும் திறக்கும்.

பல்கலைக்கழக மெடிக்கல் சென்டர்கள் அந்தக் கதவாக இருக்கலாம். மாதத்தில் ஒரு நாள், நேரம் ஒதுக்கி, மாணவிகளுக்கு ஹோர்மோன் கிளினிக். மெட்போமினையும் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையையும் பற்றித் தமிழிலும் சிங்களத்திலும் ஆளுக்கொரு பக்கத் துண்டுப்பிரசுரம். எடை பார்க்கிற தராசை வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் முன்னால் வைக்காமல் உள்ளே வைப்பது, நம்பரை உரத்துச் சொல்லாமல் எழுதுவது. இந்த வருத்தத்தோடு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக வருவதால் அதையும் கேட்பது. இவற்றில் எதற்கும் புதுக் கட்டடம் தேவையில்லை. மாணவர் ஒன்றியத் தேர்தலுக்கு நிற்பவர்கள் இதையும் தங்கள் நோட்டீசில் போடலாமே, இரவு லைட்டும் பஸ்ஸும் கேட்கிற இடத்தில்.

இப்போதைக்கு நாங்கள் போகும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு போகிறோம். இந்தக் குளிசை எதற்கு, எவ்வளவு காலம்? என்ன பக்கவிளைவு வந்தால் நிறுத்தலாம், எது வந்தால் உடனே வரவேண்டும்? சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் பார்த்தாச்சா? என்னுடைய எடை குறையாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? தனியாகப் போனால் மூன்றாவது கேள்விக்கு முன்னம் எழும்பிவிடுகிறோம். இரண்டு பேராகப் போனால், ஒருத்தி மறந்ததை மற்றவள் கேட்கிறாள், டொக்டரும் கதிரையைக் கொஞ்சம் திருப்பி இருந்து பதில் சொல்கிறார்.