ஆகாயக் கப்பல் கராச்சிக்கு வந்திருந்தால்?

பாலைவனத்தின் மேல் கப்பல் ஓடுமா? ஓடியது!

1917 நவம்பரில் ஜெர்மனியின் எல்-59 என்ற ஆகாயக் கப்பல், சுமார் 15 டன் சரக்குடன் பல்கேரியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. எகிப்துப் பாலைவனத்தைத் தாண்டி, கார்ட்டூம் அருகே போய்த் திரும்பியது. 95 மணி நேரம் தரையைத் தொடவில்லை!

பிறகு பிரிட்டிஷ் அரசாங்கம் ஆர்-101 கப்பலைக் கட்டியது. நீளம் 777 அடி. ஆவடி வழியே ஓடும் மின்சார ரயிலின் 11 பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் அவ்வளவு நீளம் வரும். அதை நிறுத்த, அன்று இந்தியாவில் இருந்த கராச்சியில் ராட்சதக் கொட்டகை போட்டார்கள்.

1930 அக்டோபர் 4 மாலை இங்கிலாந்திலிருந்து அது கிளம்பியது. மறுநாள் அதிகாலை பிரான்சில் விழுந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் மாண்டனர். கராச்சிக் கொட்டகைக்கு அது வரவே இல்லை.

"அது வந்திருந்தால் ஒட்டகத்துக்கு வேலை போயிருக்கும்" என்று சிலர் சொல்லலாம். அது தவறு. வெயிலில் வாயு உப்பும். மிஞ்சியதை வெளியே விடவேண்டும். இரவில் குளிர்ந்தால் கப்பல் கீழே இறங்கும். எல்-59 அப்படித்தான் ஓர் இரவு தரையில் மோதப் பார்த்தது. அம்பத்தூர் வெயிலில் நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா, என்ன!

ஆனால், பழி வாயுவின் மேல் மட்டும் அல்ல. ஆர்-101-க்கு முழுவேகச் சோதனை முடியவில்லை. அதற்குள் ஏன் கிளப்பினார்கள்? லண்டன் மாநாட்டுக்குள் இந்தியா போய்த் திரும்ப வேண்டும் என்றார் விமான மந்திரி தாம்சன் பிரபு.

அவரும் அதில்தான் பயணம் செய்தார். தப்பவில்லை.