ஆறன்முளா பள்ளியோடங்கள்: படகு தயார்... ஆறு தயாரா?

ஓணம் நெருங்கினால் அந்த வீடியோ எப்படியும் ஒரு தடவை மொபைலுக்கு வந்துவிடும். ஆற்றில் நூறடிக்கு மேல் நீளமான ஒரு மரப்படகு. வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போடாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள். நடுவில் முத்துக்குடை, நின்றபடி பாடும் ஒரு கூட்டம், அந்தப் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் விழும் துடுப்புகள். 'நேரு டிராபி... செம்ம!' என்று ஒரு வரி சேர்த்து ஃபார்வர்டும் ஆகிவிடும்.

பல நேரம் அது நேரு டிராபியே கிடையாது. ஆலப்புழையில் புன்னமடக் காயலில் நடப்பது நேரு டிராபி. 1952-இல் நேரு வந்துபோனதை ஒட்டித் தொடங்கிய போட்டி அது. வேகம்தான் அதற்கு எல்லாமே. வீடியோவில் வருவது பத்தனம்திட்டா மாவட்டத்தில் பம்பை ஆற்றங்கரையில் இருக்கும் ஆறன்முளா. இங்கே படகுக்குப் பெயர் 'பள்ளியோடம்'. ஊர்க்காரர்களுக்கு அது வாகனம் இல்லை, சாமியின் படகு. செருப்பு போட்டுக்கொண்டு அதில் கால் வைக்க முடியாது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஊர் ஒன்றும் புதிதில்லை. நம்மாழ்வார் பாடிய திருவாறன்விளை இதுதான், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. சபரிமலையில் மண்டல பூஜைக்கு ஐயப்பனுக்குச் சாத்தும் தங்க அங்கி ஊர்வலமாகப் புறப்படுவதும் இங்குள்ள பார்த்தசாரதி கோயிலில் இருந்துதான்.

படகு எதற்கு வந்தது?

ஒரு சாப்பாட்டில் தொடங்குகிறது கதை. காட்டூரில் இருந்த மங்காட்டுப் பட்டத்திரி என்பவர் ஒவ்வொரு திருவோணத்துக்கும் ஒரு விருந்தாளிக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவாராம். ஒரு வருடம் யாரும் வரவில்லை. அவர் வருந்தி நிற்கும்போது ஒரு சிறுவன் வந்து சாப்பிட்டுப் போனான். அன்று இரவு கனவில், அது ஆறன்முளா பகவான் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஓண விருந்துக்கான அரிசி, காய்கறியெல்லாம் தோணியில் ஏற்றிக் கோயிலுக்கே கொண்டுபோனார். வழியில் தோணியை மடக்கிக் கொள்ளையடிக்கப் பார்த்தார்கள். காவலுக்குக் கரைக்காரர்கள் படகு கட்டினார்கள். அந்தக் காவல் படகுகளின் வழிவந்தவைதான் பள்ளியோடங்கள்.

இது நம்பிக்கைக் கதைதான். ஆனால் இன்றும் அந்தத் தோணி வருகிறது. பட்டத்திரி குடும்பம் பின்னாளில் கோட்டயம் பக்கம் குமாரநல்லூருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அந்தக் குடும்பத்தவர் ஒருவர் ஒவ்வொரு ஆண்டும் அங்கிருந்து தோணியில் கிளம்பி, நாள் கணக்கில் நீர்வழியிலேயே பயணம் செய்து காட்டூர் வருகிறார். அங்கே பொருள்களை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் வரும் திருவோணத்தோணி, ஓணத்தன்று விடியலில் ஆறன்முளா கடவை அடைகிறது. அதற்கு மூன்று, நான்கு நாள் கழித்து உத்திரட்டாதி நட்சத்திரத்தில் நடப்பதுதான் வீடியோவில் வரும் ஜலமேளா.

யாருடைய படகு?

இதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பள்ளியோடத்துக்குத் தனி முதலாளி கிடையாது. மேலே ராந்நி பக்கம் இடக்குளத்தில் இருந்து கீழே சென்னித்தலை வரை ஆற்றை ஒட்டிய 'கரை'கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படகு என்று 52 பள்ளியோடங்கள். அந்தக் கரையின் பெயர்தான் படகுக்கும் பெயர். எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கப் பள்ளியோட சேவா சங்கம் இருக்கிறது.

படகு கட்டுவது 'ஆஞ்ஞிலி' மரத்தில். கன்னியாகுமரிக்காரர்களிடம் அயனி என்று சொன்னால் சட்டென்று புரியும், அயனிச்சக்கை காய்க்கும் அதே மரம். நேராக, உயரமாக வளரும். தண்ணீரில் எளிதில் உளுத்துப்போகாது. ஆனால் பள்ளியோடத்துக்கு ஏற்ற பலகை கிடைக்கும் அளவுக்கு அது பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். பழைய வீட்டுத் தோட்டங்களில் நின்ற பெரிய மரங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இன்று ஒரு கரை புதுப் படகு கட்ட முடிவெடுத்தால், முதல் வேலை மரம் தேடி ஊர் ஊராக அலைவதுதான். கிடைத்த மரத்தை ஆசாரிமார் கைக்கணக்கில் செதுக்கிச் சேர்க்கிறார்கள். முன்பக்கம் அணியம், நம் மீனவர்கள் சொல்லும் அதே சொல். பின்பக்கம் அமரம். அது கிட்டத்தட்ட மூன்று ஆள் உயரத்துக்கு வளைந்து எழும். நான்கைந்து பேர் அதன்மேல் நின்று படகைத் திசை திருப்புவார்கள்.

இவ்வளவு செலவுள்ள ஒரு பொருள், வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே தண்ணீரில் இறங்குகிறது. மீதி நாளெல்லாம் ஆற்றோரப் படகுப்புரையில் கிடக்கும். மீனெண்ணெய் பூச வேண்டும், பலகை மாற்ற வேண்டும். வருமானம் தராத சொத்து. பின்னே எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பதில் மறுபடியும் சாப்பாடு. ஆடியில் தொடங்கிப் புரட்டாசி வரை நடக்கும் 'வள்ளசத்யா' ஒரு நேர்த்திக்கடன். குழந்தை வேண்டியோ, நோய் தீரவோ நேர்ந்துகொண்டவர், ஒரு கரையின் பள்ளியோடத்தை வெற்றிலை, புகையிலை வைத்து அழைக்கிறார். படகு பாடிக்கொண்டே கோயில் கடவுக்கு வரும். வந்தவர்களுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட ஐட்டங்களோடு இலை போடப்படும். இலையில் இல்லாததைத் துடுப்புக்காரர்கள் பாட்டாலேயே கேட்பார்கள். கேட்டதை 'இல்லை' என்று சொல்லக் கூடாது. நேர்ந்துகொண்டவர் கொடுக்கும் காணிக்கையில் ஒரு பங்கு படகின் பராமரிப்புக்குப் போகிறது. பாட்டுத் தெரிந்த ஆள் ஒவ்வொரு கரையிலும் இருந்தாக வேண்டும் என்பதால் வஞ்சிப்பாட்டும் பிழைத்திருக்கிறது. ராமபுரத்து வாரியர் 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் எழுதிய குசேலவிருத்தம் வஞ்சிப்பாட்டு இலக்கியப் பாடமாக மட்டும் இல்லாமல் வாயில் வழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு மானியம், டூரிசம் விளம்பரம் எல்லாம் பிறகு வந்தவை. படகு, பாட்டு, பந்தி மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கிற ஏற்பாடு இது. ஒன்றை மட்டும் தனியாக உருவி எடுத்து விற்க நினைத்தால் சிக்கல்தான். 2025-இல் கட்டணம் வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக வள்ளசத்யா போடலாம் என்று தேவஸ்வம் போர்டு யோசித்தபோது, பள்ளியோட சேவா சங்கம் எதிர்த்தது இதனால்தான். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு 'காசு கொடுத்துச் சாப்பிட்டா என்ன தப்பு?' என்று தோன்றும். படகு வராமல், பாட்டு இல்லாமல் போடும் இலை வெறும் சாப்பாடு. அது படகைக் காப்பாற்றாது. கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸில் கோயில்களோடு சேர்த்து வள்ளசத்யாவுக்கும் கூட்டிப்போகும் பேக்கேஜ் இருக்கிறது; அந்தக் கூட்டத்தைச் சடங்குக்கு உள்ளேயே உட்காரவைப்பது வேறு, சடங்கைக் கழற்றிவிடுவது வேறு.

ஆள் எங்கே?

பத்தனம்திட்டா, வெளிநாட்டு வேலைக்கும் பெங்களூரு, சென்னை வேலைக்கும் ஆள் அனுப்பியே பழகிய மாவட்டம். 2001-இல் 12.34 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011-இல் 11.97 லட்சமாகக் குறைந்தது. கேரளத்தில் அந்தப் பத்தாண்டில் ஆள் எண்ணிக்கை குறைந்த மாவட்டங்கள் இரண்டே இரண்டு, மற்றது இடுக்கி. ஒரு படகுக்கு நூறு பேர் போல வேண்டும் என்றால், அது ஒரு சின்ன ஊரின் இளைஞர் பட்டாளம் மொத்தமும்தான். உத்திரட்டாதிக்கு லீவு போட்டு வருகிறவர்கள் வருகிறார்கள். மற்ற நாள்களில் படகை நிரப்புவது லேசான வேலை இல்லை.

பெண்கள் ஏற முடியாது என்ற வழக்கமும் இங்கேதான் கேள்வியாகிறது. 2021-இல் ஒரு பள்ளியோடத்தில் ஷூ போட்டு ஏறி ஃபோட்டோஷூட் எடுத்த பெண்மேல் வழக்கு வரை போனது. ஷூ விஷயத்தில் ஊரின் கோபம் புரிகிறது. ஆனால் பெண் ஏறக் கூடாது என்பது வேறு விஷயம், இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது சரியில்லை. ஆலப்புழையில் பெண்களே துடுப்புப் போடும் தெக்கனோடி போட்டி நேரு டிராபியின் ஒரு பகுதி. ஆறன்முளாவில் என்ன செய்வது என்பதைக் கரைகள்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பேச்சைத் தொடங்கவாவது செய்யலாம்.

பாதுகாப்பும் சேர்ந்தே வருகிறது. 2022 செப்டம்பர் 10-ஆம் தேதி, ஜலமேளாவுக்கு முந்தின நாள், சென்னித்தலை பள்ளியோடம் ஆறன்முளாவுக்குக் கிளம்பும் வேளையில் அச்சன்கோவில் ஆற்றில் கவிழ்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் பள்ளி மாணவர். நீந்தத் தெரிந்தவர்தானா, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதைக் கரையிலேயே பார்த்து அனுப்புவது பக்திக்குக் குறைவு ஆகாது.

ஆற்றை யார் பார்ப்பது?

மரம், ஆள், காசு... இவற்றையெல்லாம் கரைகள் எப்படியோ சமாளித்துவிடுகின்றன. அவர்கள் கையில் இல்லாத ஒன்று பம்பை.

பல பத்தாண்டுகள் மணல் அள்ளியதில் ஆற்றின் படுகை பள்ளமும் மேடுமாகிவிட்டது. மணல் எடுப்பதைக் கட்டுப்படுத்தக் கேரளம் 2001-இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. மேலே சபரிகிரி திட்டத்தின் அணைகள். இப்போது ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பது மழையை மட்டும் பொறுத்தது இல்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆறன்முளா மூழ்கியது. அந்த ஆண்டு கொண்டாட்டம் இல்லாமல் சடங்கோடு முடித்துக்கொண்டார்கள். மழை குறைந்த ஆண்டுகளில் கதை நேர்மாறு. படகு தரைதட்டாமல் இருக்க, மணியார் அணையில் இருந்து தண்ணீர் திறந்துவிடச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. கோயில் கடவுக்கு எதிரே ஆற்றுக்குள் சேர்ந்துகிடக்கும் மண்மேட்டை - 'மண்புற்று' என்கிறார்கள் - அகற்றச் சொல்லும் கோரிக்கையும் தொடர்கதை.

இந்த ஊருக்கு நிலத்துக்காகப் போராடிய அனுபவம் இருக்கிறது. வயலும் நீர்நிலையும் உள்ள இடத்தில் விமான நிலையம் கட்டும் திட்டம் வந்தபோது, ஆறன்முளாவில் தறவாடு உள்ள கவிஞர் சுகதகுமாரி முன்னால் நின்றார். 2014 மே மாதம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. விமான நிலையத்தை எதிர்த்து மறியல் செய்யலாம், கோர்ட்டுக்குப் போகலாம். கொஞ்சம் கொஞ்சமாக மேடாகும் ஆற்றுக்கு எதிராக எங்கே போய் உட்காருவது?

அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீர்ப்பாசனத் துறை, மின் வாரியம், மாவட்ட நிர்வாகம் மூன்றும். இப்போது நடப்பது பெரும்பாலும் கடைசி நேர ஓட்டம். ஜலமேளா நெருங்கும்போது மண்ணை வாருவதும், தண்ணீருக்கு மனு கொடுப்பதும். மேடை, பந்தல், விஐபி இருக்கைக்கு முன்கூட்டியே திட்டம் போட முடிகிறபோது, இடக்குளம் முதல் சென்னித்தலை வரை ஒவ்வொரு கடவிலும் ஆழம் எவ்வளவு என்று கோடையிலேயே அளந்து பட்டியல் வெளியிட என்ன தடை? எவ்வளவு மண் எடுத்தார்கள், அது எங்கே போனது என்பதும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மண்புற்றை அகற்றும் பெயரிலேயே பழைய மணல் வியாபாரம் திரும்ப வரும்.

வள்ளசத்யாவுக்கு முதல் படகு இறங்குவது ஆடி மாதத்தில். தென்மேற்குப் பருவமழை தொடங்குவது ஜூன் முதல் வாரம். அளக்கவும் வாரவும் ஆற்றில் தண்ணீர் இறங்கிக் கிடக்கும் காலம் மார்ச் முதல் மே வரை மட்டுமே. அந்த மூன்று மாதத்தில் ஆறன்முளா பற்றி எந்த ரீலும் வருவதில்லை.