ஆண்கள் நீங்கலாக

அந்தக் காலத்துச் சிற்பிகள் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று ஒரு வரி சேர்ப்பார்களாம். கல்லில் வளைத்த அந்தக் கூரை விளிம்பு வேலை மட்டும் தங்களால் ஆகாது என்று அர்த்தம். வெளியூர்க்காரர் யார் வந்தாலும் ஆண்கள் நாம் விடாமல் சொல்லும் கதை இது. நம் வீட்டு ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி உண்டு, அதை மட்டும் வெளியே சொல்வதில்லை. குடும்பக் கட்டுப்பாடு, ஆண்கள் நீங்கலாக.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது ஆயிரத்துக்கு ஒரு வீட்டில். அதே ஆய்வில் பிள்ளைப்பேறு விகிதம் 1.8க்கு இறங்கியிருந்தது என்று மார்தட்டுகிறோமே, அதை இறக்கியது யார் உடம்பு?

'வெயிலில் நின்று வேலை செய்கிறவன், அவனுக்கு எதற்கு' என்று அம்மாக்கள் நமக்காகப் பேசினார்கள். நாமும் பேசாமல் இருந்துகொண்டோம். இரண்டாவது பிரசவத்தோடு மனைவிக்கே முடித்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டோம். தையல் ஆறுமுன் அவள் குடத்தை இடுப்பில் ஏற்றியபோது பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆணுக்கோ சில நிமிட வேலை. மரத்துப்போக ஓர் ஊசி, சின்னத் துளை, தையல் கிடையாது, அன்றைக்கே வீடு. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை, அதுவரை வேறு தடுப்பு. இவ்வளவுதான் என்பதை நர்ஸம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட நமக்கு வாய் வரவில்லை.

நெருக்கடி நிலைக் காலத்துப் பலவந்தத்தைக் காரணம் சொல்வோம். நடந்தது உண்மைதான். ஆனால் அது முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. பயம் போய்விட்டது, சாக்கை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதற்கும் முன்னால், 1950களின் பின்பாதியில், இதே மாநிலத்து ஆண்கள் முன்வந்து செய்துகொண்டார்கள் என்பதை வசதியாக மறந்தும் விட்டோம்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம், கருக்கலைப்பை. நியூயார்க்கில் கட்மாக்கர் நிறுவனம் என்று ஒன்று, 1968 முதல் உலகெங்கும் கருவளம், கருத்தடை பற்றி ஆராயும் லாபநோக்கற்ற அமைப்பு. மும்பையின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தாரோடு சேர்ந்து, தமிழ்நாடு உள்பட ஆறு மாநிலங்களில் விசாரித்து, 2015இல் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாகக் கணித்தது. நூற்றுக்கு 73 மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால். 1971ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்திருந்தும் இப்படி. கடல் தாண்டி இருப்பவர்கள் விசாரித்ததை ஒரே கூரைக்குள் இருக்கும் நாம் விசாரிக்கவில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு நம் பங்கு முடிந்தது. ராத்திரி முழுக்க அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்ததற்குப் 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று பெயர் வைத்துத் திரும்பிப் படுத்தோம்.

வருஷாவருஷம் நவம்பர் 21இலிருந்து டிசம்பர் 4 வரை ஆண்களுக்கென்றே கருத்தடை இருவாரம் நடத்துகிறார்கள். இந்தத் தடவை நம்மில் ஒருவனாவது போய்க் கேட்டுவிட்டு வரட்டும். அவன் திரும்பி வந்து டீக்கடையில் உட்காரும்போது முதல் கேலி நம் வாயிலிருந்து வராமல் இருந்தால், அடுத்தவனும் போவான்.