விழுந்தவனும் தள்ளியவனும்

சென்ற மாதம் எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவரின் தாலாட்டுப் பாடல்களைப் பதிவு செய்யச் சென்றிருந்தோம். நான்காம் பாடல் முடியும் தறுவாயில் ஒலிப்பதிவு மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. திறந்தோம், பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே கதை. பாடல் போயிற்று. அன்றிரவே அம்மென்பொருளைக் கடுமையாகப் பழித்து நண்பர்களுக்கு மடல் எழுதினோம். அந்தப் பழியைத் திரும்பப் பெறவே இக்கட்டுரை.

செயலி ஒன்று இவ்வாறு விழும்போது விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ஒரு குறிப்பு பதிவாகிறது. முதலில் விழுந்த செயலியின் பெயர்; அதன் கீழே பிழை நிகழ்ந்த கோப்பின் பெயர். நாங்கள் முதல் பெயரோடு நின்றுவிட்டோம். மூன்று நாள் கழித்து நிதானமாகப் படித்தபோது, எல்லாக் குறிப்புகளிலும் இரண்டாவது பெயர் ஒன்றே: ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் கருவிக்குரிய டிரைவர். பெயர் இருப்பதாலேயே குற்றவாளி என்று தீர்ப்பெழுத முடியாதல்லவா? விண்டோஸுடன் வரும் பொது டிரைவருக்கு மாற்றிச் சோதித்தோம். இரண்டு மணி நேரம் ஓடியும் விழவில்லை. பழுதுபட்ட டிரைவரை அடியோடு நீக்கி, அதன் முந்தைய பதிப்பை நிறுவியதும் சிக்கல் தீர்ந்தது.

டிரைவரின் பிழைக்கு மென்பொருள் ஏன் சாக வேண்டும்? ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் வகுத்தளித்த ஏஎஸ்ஐஓ முறையில், டிரைவரின் ஒரு பகுதி இசை மென்பொருளுக்கு உள்ளேயே ஏற்றப்பட்டு இயங்குகிறது. காரணம் வேகம். நொடிக்கு 44,100 மாதிரிகள் வீதம் பதியும்போது, 256 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுப்பை ஆறு மில்லி நொடிக்குள் கைமாற்றியாக வேண்டும். தொகுப்பைப் பெரிதாக்கினால் பாடுபவர் தம் குரலையே பிந்திக் கேட்க நேரும். நெருக்கம் வேகத்தைத் தருகிறது. கூடவே, இடையில் நின்ற சுவரையும் எடுத்துவிடுகிறது.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. விண்டோஸ் கெட்டுவிட்டது என்றே பலரும் பேசினர். உண்மையில், கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பை அதன் டிரைவர் படித்ததே காரணம். கண்முன் விழுந்தவன் மேல்தான் எப்போதும் பழி.

அச்சுப்பிழைக்கு ஆசிரியனைத் திட்டும் வாசகனைப் பார்த்து நாம் சிரித்ததுண்டு. அதே தவற்றைத்தான் நாங்களும் செய்தோம். சிறு குழுவொன்று பல ஆண்டுகள் உழைத்து ஆக்கிய மென்பொருளை ஒரே இரவில் தூற்றிவிட்டோம். தீர்ப்புக்கு முன் இரண்டாவது வரியையும் படிப்பது அறிவுடைமை மட்டுமன்று, நேர்மையும்கூட.

ஆச்சி மறுபடி பாடித் தந்தார். நடுவில் இரண்டு அடிகள் அவர் நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கு வந்தன.