கடலட்டைக்கு ஏன் முகம் சுளிக்கிறீங்கள்?

'உலகின் விசித்திர உணவுகள்' என்று யூடியூபில எந்த வீடியோ வந்தாலும் அதில கடலட்டை இருக்கும். சொல்றவர் முகம் சுளிப்பார். பார்க்கிற எங்கட பெடியளும் 'சீ' என்பாங்கள்.

மன்னார்ப் பெடியனுக்கு இந்தச் 'சீ' எங்கிருந்து வந்தது? சிலாவத்துறைப் பக்கம் அட்டை அவிக்கிற மணம் தெரியாதா? குடல் எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, மேல்தோல் இளகினதும் தேய்த்துக் கழுவி, திரும்ப அவித்து, கல்லு மாதிரிக் காயவிடுவார்கள். ஆனா எங்கட குசினிக்கு அது வராது. ஹொங்கொங், சிங்கப்பூர், சீனா என்று போகும். அங்கே அது விருந்து, மருந்தும்கூட. சீனப் பெயருக்கே 'கடல் ஜின்செங்' என்றுதான் அர்த்தம். சுறாவும் இப்படித்தான். செட்டை சூப்புக்குக் கப்பலேறும், சதை எங்களுக்கு. (சுறா வறையில குறை சொல்லேலாது, அது வேற கதை.)

எனக்கு விசித்திரமாப் படுறது வேற. யாரோ ஒருத்தரின்ர விருந்து மேசைக்காக எங்கட கரையோரத் தண்ணிக்கு வேலி விழுது. ஆழமில்லாத கடலில கம்பு நட்டு வலை அடித்தால் அட்டைப் பண்ணை. அந்தத் தண்ணியிலதான் இறால் குஞ்சு வளருது. வள்ளம் இல்லாத பெண்கள் இறங்கித் தொழில் செய்யிறதும் அங்கதான். இரணைதீவுச் சனம் 1992இல் இடம்பெயர்ந்து, 2018 ஏப்ரலில் தாங்களே வள்ளமேறிப் போய் ஊரை மீட்டவர்கள். அங்கே பெண்கள் கரையோரம் கையால் அட்டை பொறுக்கிப் பிழைத்தார்கள். அவர்கள் பண்ணை வேண்டாமென்று எழும்பினதில என்ன பிழை?

'டொலர் வருதே' என்பீங்கள். 2022க்குப் பிறகு இதற்கு மறுத்துப் பேசவே பயம். வரட்டும். பண்ணை வைத்துப் பிழைக்கிற உள்ளூர்க் குடும்பங்களும் இருக்கு, அவங்களைத் திட்ட இதை எழுதேல்ல. ஆனா அரிப்பில போய்ப் பாருங்கோ. ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்புக் காலத்தில தங்கக் கட்டின மாளிகை இடிஞ்சு கிடக்கு. முத்து எடுக்க மூச்சடக்கினவன் வீட்டில என்ன மிஞ்சினது?

அக்கரையில, இந்தியாவில, 2001இலிருந்து அட்டை பிடிக்கிறது தடை. இங்கே அனுமதிப்பத்திரம் இருந்தால் தொழில். அந்தப் பத்திரத்தை ஆருக்குக் குடுக்கிறது என்று ஊரிட்டக் கேட்டதாச் சொல்லுவார்கள். சங்கக் கூட்டத்துக்கு வந்த நாலு வள்ளக்காரரிட்டக் கேட்டிருப்பார்கள். வள்ளமில்லாமல் இடுப்பளவு தண்ணியில நிக்கிற அக்காவிட்ட ஆர் கேட்டது?