அச்சுக்கோப்பவரின் விரலும் எழுத்துப் பெட்டியும்

வீட்டுக்கென ஒரு கணினியை அசெம்பிள் செய்துகொள்ள முனையும் இலக்கிய நண்பர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கையிலிருக்கும் தொகை அளவானது. ரிச்சி தெருக் கடைக்காரர் எழுதித்தரும் கொட்டேஷனில் முதல் வரி செயலிக்குரியது. ரேம் மூன்றாவது வரியிலோ நான்காவது வரியிலோ வருகிறது. கூட்டுத்தொகை கையிருப்பைத் தாண்டும்போது நம் பேனா தானாகவே கீழ்வரிகளுக்குப் போய்விடுகிறது. செயலியின் பெயரில் ‘ஏழு’ என்ற எண் இருந்தாக வேண்டும், ரேம் எட்டு ஜி.பி. போதும் என்று முடிவாகிறது. நம்மைப் போன்று வாசிப்பும் எழுத்துமாகக் காலம் கழிப்பவர்களுக்கு இது பொருந்தாத முடிவு என்பதே நமது கருத்து.

ஈய எழுத்துகளைக் கோத்து இதழ் நடத்திய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சிறிய அச்சகங்களில் எழுத்துகள் எப்போதும் பற்றாக்குறைதான். ஒரு பாரத்தைக் கோத்து முடிப்பதற்குள் பெட்டியில் ‘க’ தீர்ந்துவிடும். அந்தப் பாரத்தை அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்து, பழையபடி அறைகளில் போட்ட பின்னரே அடுத்த பாரத்தைத் தொட இயலும். அதுவரை அச்சுக்கோப்பவரின் விரல் எத்துணை விரைவானதாக இருந்தும் பயனில்லை. கணினியில் செயலிதான் அந்த விரல். ரேம்தான் எழுத்துப் பெட்டி. ரேம் நிரம்பியதும் இயங்குதளம் அப்போதைக்குத் தேவைப்படாதவற்றை வட்டில் எழுதிவைத்து இடத்தைக் காலி செய்கிறது. தேவைப்படும்போது திரும்பக் கொணர்கிறது. பிரித்துப் போடும் அதே வேலை!

இதில் வீணாகும் நேரம் கொஞ்சநஞ்சமன்று. நான்கு கிகாஹெர்ட்ஸ் செயலியின் ஒரு துடிப்பு கால் நானோவினாடி. அதை ஒரு முழு வினாடியாக நீட்டிக் கணக்கிட்டால், ரேமிலிருந்து ஒரு தரவு வந்துசேர ஏறத்தாழ ஐந்து நிமிடமாகும்; எஸ்.எஸ்.டி.யிலிருந்து வரச் சில நாட்கள். சுழலும் வன்தட்டிலிருந்து வர ஓராண்டுக்கும் மேல். செயலி சற்றுக் குறைந்ததாயிருந்தால் வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவே. ரேம் போதாமற்போனால் வேலை நின்றே விடுகிறது.

நமக்கு எதற்கு இத்தனை ரேம், நாம் தட்டச்சுதானே செய்கிறோம் என்று கேட்கலாம். தட்டச்சு மட்டுமென்றால் கேள்வி நியாயமானது. ஒருங்குறியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் வழக்கமாக மூன்று பைட்டுகளே எடுத்துக்கொள்கிறது; முந்நூறு பக்க நாவலின் வெறும் எழுத்து இரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதே நாவலை ஸ்கேன் செய்யத் தொடங்கினால் கணக்கே வேறு. 300 டி.பி.ஐ. அளவில் வண்ணத்தில் எடுத்த ஒரு ஏ4 பக்கம், சுருக்கப்படாத நிலையில் சுமார் 26 மெகாபைட். 600 டி.பி.ஐ. என்றால் நான்கு மடங்கு, நூறைத் தாண்டும். ஐம்பது பக்கங்களை ஒருசேரத் திறந்து கோணல் திருத்த முற்பட்டால் ஐந்து ஜி.பி. போயிற்று. பக்கத்தில் இருபது இணையப் பக்கங்கள் வேறு திறந்திருக்கும். தனி கிராஃபிக்ஸ் அட்டை வாங்காதவர்களுக்குத் திரையில் காட்டும் வேலைக்கும் இதே ரேமில்தான் பங்கு. எழுபதுகளின் சிற்றிதழ்த் தாள்கள் தொட்டால் உதிர்கின்றன. பலவற்றை ஒருமுறைதான் முழுதாக விரிக்க முடியும். நடுவில் கணினி உறைந்து, சேமிக்காத பக்கங்கள் போய், அந்த இதழை இன்னொருமுறை கண்ணாடிமீது கவிழ்ப்பதென்பது வெறும் நேர இழப்பு அன்று.

செயலிக்கு வந்த புகழும் ஒரு வேடிக்கையான கதை. இன்டெல் 1968இல் தொடங்கப்பட்டதே நினைவகச் சில்லுகள் செய்வதற்குத்தான். ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியைத் தாங்க முடியாமல் 1985இல் அந்த வணிகத்தை விட்டு விலகிச் செயலியைப் பற்றிக்கொண்டது. 1991இல் ‘இன்டெல் இன்சைட்’ விளம்பரம் வந்தபின், கணினிக்குள் இருக்கும் ஒரு சில்லின் பெயர் வீட்டுப் பெரியவர்களுக்கும் மனப்பாடமாயிற்று. ரேமுக்கு அப்படியொரு ஒட்டுவில்லை யாரும் ஒட்டவில்லை.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு; அதை எளிதில் ஒதுக்க இயலாது. செயலியைப் பின்னர் மாற்றுவது கடினம், பலவேளைகளில் மதர்போர்டையும் சேர்த்தே மாற்றவேண்டி வரும். ரேமை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம், ஆகவே இன்று செயலி, நாளை ரேம் என்பது. விலை இறங்கிக்கொண்டே வந்த நாட்களில் இது நல்ல யோசனையாகவே இருந்தது. 2025இன் இறுதியில் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்ள, சில்லறைச் சந்தையில் ரேமின் விலை சில மாதங்களிலேயே இரு மடங்கையும் தாண்டியது; அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் வீட்டுப் பயனாளர்களுக்கான ‘குரூஷியல்’ வணிகத்திலிருந்தே விலகப்போவதாக அறிவித்தது. ‘நாளை’ மலிவாக இருக்கும் என்று யார் உறுதி கூறுவது? டி.டி.ஆர்.4 போட்ட போர்டில் டி.டி.ஆர்.5 பொருந்தாது என்பதால் தள்ளிப்போடுவதிலும் ஓர் எல்லை உண்டு.

காணொளி தொகுப்பவர்கள், நிரல் எழுதுவோர், தினமும் நூற்றுக்கணக்கான பக்கங்களை டெசரக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருளில் ஓட்டுபவர்கள் செயலிக்குச் செலவிடட்டும். மற்றவர்கள் செயலியில் ஒரு படி இறங்கிப் பதினாறு ஜி.பி. ரேமை உறுதிசெய்துகொள்வதே நலம். ஸ்கேன் வேலை நிறைய உடையவர்களுக்கு முப்பத்திரண்டு. அதற்குமேல் வாங்குவது நம்மைப் பொறுத்தவரை அலமாரியில் படிக்காத நூல்களை அடுக்குவது போன்றது. (அதையும் நாம் செய்கிறோம் என்பது தனிக்கதை.) நான்கு செருகிடங்கள் உள்ள போர்டு கிடைத்தால் இரண்டு எட்டுகளாகப் போட்டு இரண்டைக் காலியாக விடலாம், இணையாக இயங்குவதால் ஒற்றைப் பதினாறைவிட வேகமும் சற்றுக் கூடும்.

ஐயம் தீராதவர்கள் கடைக்குப் போகுமுன் பழைய கணினியில் வழக்கமான வேலைகளையெல்லாம் திறந்துவைத்து, டாஸ்க் மேனேஜரை ஒரு மணிநேரம் கவனிக்கலாம். நினைவகம் தொண்ணூறு விழுக்காட்டிலும் செயலி பத்து விழுக்காட்டிலும் நின்றால், கொட்டேஷனில் எந்த வரியை வெட்டவேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியிராது.